கைக்குட்டை சொன்ன சேதி

பிற்பகல் வேளை. கல்கத்தாவில் ஒரு பெரிய வீடு. கட்டிலில் உட்கார்ந்து ஓர் இளம் பெண் கைக்குட்டையில் பூத்தையல் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஊசி மேலே வருகிறது, கீழே போகிறது. துணியில் மெள்ள மெள்ள ஓர் எழுத்து உருவாகிறது. ஆங்கில 'பி' எழுத்து. அவளுடைய கணவன் பெயர் பூபதி. அந்தப் பெயரின் முதல் எழுத்துத்தான் அது.

தையல் முடிகிறது. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. வேலைக்காரனைக் கூப்பிட்டு, எஜமானருக்குத் தேநீர் கொண்டுபோகச் சொல்கிறாள். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கிறாள். தெருவில் ஏதோ சத்தம் கேட்கிறது. ஓடிப் போய், கைப்பிடி வைத்த சிறிய தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை எடுத்து வருகிறாள். ஜன்னல் கதவின் மரச் சட்டங்களை விரலால் விலக்கிக்கொண்டு, கண்ணாடி வழியே தெருவைப் பார்க்கிறாள். குரங்காட்டி போகிறான். பல்லக்கு ஒன்று போகிறது. குடை பிடித்த பருமனான ஆசாமி ஒருவர் போகிறார். அவர் ஒரு ஜன்னலைத் தாண்டினால் இவள் அடுத்த ஜன்னலுக்கு ஓடுகிறாள். உலகம் அவளுக்கு அந்த மரச் சட்டங்களின் இடைவெளி அளவுதான்.

உள்ளே காலடி ஓசை. கணவன் வருகிறான். கையில் விரித்த புத்தகம், கண் புத்தகத்தில். மனைவி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள். அவன் கடந்து போகிறான். அவள் நிற்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? கண்ணாடியை உயர்த்தி, தெருவில் போகிற அந்நியனைப் பார்த்தது போலவே, தன் கணவனின் முதுகைப் பார்க்கிறாள்.

ஏழெட்டு நிமிஷ நேரம் ஓடும் இந்தக் காட்சியில் வசனம் இல்லையென்றே சொல்லிவிடலாம். ஆனால் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தாம்பத்தியத்தின் நிலவரம் முழுதும் விளங்கிவிடுகிறது.

படத்தின் பெயர் 'சாருலதா'. சத்யஜித் ரே 1964-இல் எடுத்த வங்காளிப் படம். கதை நடப்பது 1879, 1880-ஆம் ஆண்டுகளில். சாருவாக நடித்தவர் மாதவி முகர்ஜி. ரவீந்திரநாத தாகூர் 1901-இல் எழுதிய 'நஷ்டநீட்' என்ற குறுநாவல்தான் மூலக்கதை. 'சிதைந்த கூடு' என்று அதற்குப் பொருள். 1965-இல் பெர்லின் திரைப்பட விழாவில் ரேக்குச் சிறந்த டைரக்டருக்கான வெள்ளிக் கரடிப் பரிசை வாங்கித் தந்த படம் இது.

பழங்காலக் கதைகளைப் படமாக எடுப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அந்தக் காலத்துப் பெண் தன் ஆசையை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். சொல்லவும் கூடாது. சில வேளை அது ஆசை என்பதே அவளுக்குத் தெரியாது. அப்படியிருக்க, படம் பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரிவது? பொருள்கள்தாம் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. கைக்குட்டையும் கண்ணாடியும் செருப்பும் கையுறையும் அங்கே பாத்திரங்களாகிவிடுகின்றன.

அண்ணியும் கொழுந்தனும்

பூபதி கெட்டவன் அல்ல. இதுதான் கதையின் வேதனை. நல்ல மனிதன், மனைவியிடம் பிரியமுள்ளவன். ஆனால் அவனுக்கு ஒரு பத்திரிகைப் பைத்தியம். சொந்தப் பணத்தைப் போட்டு ஆங்கிலத்தில் அரசியல் பத்திரிகை நடத்துகிறான். அச்சு யந்திரம் வீட்டிலேயே இருக்கிறது. அச்சு மையின் வாசனை அவனுக்கு உயிர். மனைவிக்குப் பொழுது போகவில்லை என்பது மட்டும் எப்படியோ ஒரு நாள் அவன் மூளைக்கு எட்டுகிறது. மனைவியின் சகோதரனையும் அவன் மனைவி மந்தாவையும் வரவழைத்து வீட்டில் வைக்கிறான். சகோதரனுக்குப் பத்திரிகையின் கணக்கு வழக்கு. மந்தா சாருவுக்குத் துணை. சீட்டாட்டத்துக்கும் வெற்றிலை மடிப்புக்கும் மேல் மந்தாவுக்கு ஒன்றும் தெரியாது. சாருவோ நாவல் படிக்கிறவள்.

அப்போது ஒரு புயலோடு வந்து சேருகிறான் அமல். பூபதிக்கு அத்தை மகன், வயதில் இளையவன். படிப்பை முடித்தவன், பாடுவான், கவிதை எழுதுவான். வங்காளிக் குடும்பங்களில் அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் இடையே கேலியும் கிண்டலும் சகஜம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தச் சலுகைக்குள்தான் விபரீதம் நுழைகிறது. "சாருவை எழுதத் தூண்டு, ஆனால் நான் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியவேண்டாம்" என்ற பாணியில் அமலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறவனே பூபதிதான். தன் வீட்டுக் கதவைத் தானே திறந்து வைக்கிறான், பாவம்.

தோட்டத்தில் ஓர் ஊஞ்சல். அமல் கீழே பாயில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் எழுதும் நோட்டுப் புத்தகம் சாரு கொடுத்தது. அதில் எழுதுவதை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பக்கூடாது என்பது அவளுடைய நிபந்தனை. சாரு ஊஞ்சலாடுகிறாள். வாய்க்குள் ஒரு தாகூர் பாட்டு. (அந்தப் பாட்டின் மெட்டு ஸ்காட்லாந்து நாட்டுப் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. தாகூர் இளமையில் அப்படிச் சில மெட்டுகளை எடுத்தாண்டிருக்கிறார்.) காமிரா சாருவின் முகத்தை விடாமல் ஊஞ்சலோடு சேர்ந்தே போகிறது, வருகிறது. முகம் நின்றது நின்றபடி இருக்க, அவளுக்குப் பின்னால் தோட்டம் முழுவதும் ஆடுகிறது. ஆடுவது எது, யாருடைய மனம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே கண்ணாடி இங்கேயும் வருகிறது. சாரு அதை உயர்த்தி அக்கம்பக்கம் பார்க்கிறாள். ஒரு தாய் குழந்தையோடு இருப்பது தெரிகிறது. சாருவுக்குக் குழந்தை இல்லை. கண்ணாடி கொஞ்ச நேரம் அங்கே நிற்கிறது. பிறகு மெதுவாகத் திரும்பி அமல் மீது வந்து நிற்கிறது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. தான் எங்கே வந்து நிற்கிறோம் என்பதை அந்தப் பெண் அந்தக் கணத்தில் கண்டுகொள்கிறாள். கணவனைத் தூரத்து மனிதனாகக் காட்டிய கண்ணாடி, தூரத்தில் இருக்கவேண்டியவனைப் பக்கத்தில் கொண்டுவந்து விடுகிறது.

இன்னொன்று, செருப்பு. வீட்டுக்குள் போட்டுக்கொள்ள, மேலே பூத்தையல் போட்ட செருப்பு. கணவனுக்கென்று தைத்தது அமலின் கைக்குப் போய்ச் சேருகிறது. வெற்றிலையும் அப்படித்தான். மந்தா மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த வெற்றிலையைச் சாரு ஒரு நாள் தானே மடிக்க ஆரம்பிக்கிறாள். வெற்றிலை மடிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த வீட்டில் அதைவிட உரக்கச் சொல்ல அவளுக்கு வழி கிடையாது.

தடையை மீறி அமல் தன் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறான். அச்சாகியும் விடுகிறது. அவளுக்கு வந்த கோபம் எழுத்தாகிறது. தன் கிராமத்து நினைவுகளை எழுதி, அமலின் கட்டுரை வந்ததைவிட மதிப்புள்ள பத்திரிகைக்கு அனுப்பி அச்சேற்றிவிடுகிறாள். பிரதியைக் கொண்டுவந்து அவனிடம் காட்டுகிறாள். அவன் பிரமிக்கிறான், நிறுத்தாமல் எழுது என்கிறான். அவளோ அவன் மீது சாய்ந்து அழுகிறாள், இனி எழுதவே மாட்டேன் என்கிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது வாசகர்கள் அல்ல, ஒரே ஒரு வாசகன். அமலும் அப்போதுதான் பயப்படுகிறான்.

தாகூரின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையைப் படிக்கும்போது ஓர் உருவம் நினைவுக்கு வராமல் போகாது. தாகூரின் மூத்த சகோதரர் ஜோதிரிந்திரநாதரின் மனைவி காதம்பரி தேவி. குழந்தைப் பருவத்திலேயே மருமகளாக ஜோராசங்கோ மாளிகைக்கு வந்தவர். ரவீந்திரருக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ரவீந்திரரின் இளமைக் கவிதைகளுக்கு முதல் ரசிகை அவரே. 1883 டிசம்பரில் ரவீந்திரருக்குக் கலியாணம் நடந்தது. 1884 ஏப்ரலில் காதம்பரி தேவி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கதைக்கும் வாழ்க்கைக்கும் இடையே கோடு போட்டு இணைப்பது ஆராய்ச்சியாளர் வேலை. ஆனால் 'சாருலதா'வின் ஊஞ்சல் வெறும் கற்பனைத் தோட்டத்தில் ஆடவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

பொத்தான் கழன்ற கையுறை

சாரு கல்கத்தா ஜன்னலில் நின்ற அதே 1870-களில், உலகத்தின் மறுகோடியான நியூயார்க்கில், பெரிய மனிதர்கள் ஓபராக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு இதே மாதிரிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்திருந்தார்கள். மேடையைப் பார்க்க அல்ல. எதிர்ப் பக்கத்து இருக்கையில் யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்று பார்க்க! சாருவின் கண்ணாடி தனிமையின் கண்ணாடி. இவர்களுடையது போலீஸ் கண்ணாடி.

ஈடித் வார்ட்டன் என்ற அமெரிக்க எழுத்தாளர் அந்த உலகத்திலேயே பிறந்து வளர்ந்தவர். 1920-இல் அவர் எழுதிய 'தி ஏஜ் ஆஃப் இன்னொசன்ஸ்' நாவலுக்கு மறு ஆண்டு புலிட்ஸர் பரிசு கிடைத்தது. அதை 1993-இல் மார்ட்டின் ஸ்கார்ஸேசி படமாக்கினார். ரவுடிகளையும் துப்பாக்கிகளையும் வைத்துப் படம் எடுத்துப் பேர் வாங்கியவர், பூப்போட்ட திரைச்சீலைகளும் வெள்ளிக் கரண்டிகளும் நிறைந்த இந்தக் கதையை ஏன் எடுத்தார் என்று பலரும் புருவத்தை உயர்த்தினார்கள். தம் படங்களிலேயே வன்முறை மிகுந்தது இதுதான் என்ற பொருளில் அவர் சொன்னதுண்டு. படத்தில் யாரும் யாரையும் ஓங்கி அறைவதுகூட இல்லை!

நியூலண்ட் ஆர்ச்சர் என்ற இளம் வக்கீல் மே என்ற பெண்ணை மணக்க நிச்சயமாகியிருக்கிறது. மேயின் உறவுக்காரி எல்லன், ஐரோப்பாவில் ஒரு பிரபுவை மணந்து, அவனோடு வாழ முடியாமல் திரும்பி வந்தவள். ஆர்ச்சர் தினமும் மேக்கு வெள்ளை லில்லிப் பூக்கள் அனுப்புகிறான். ஒரு நாள் பூக்கடையில் மஞ்சள் ரோஜாக்கள் கண்ணில் படுகின்றன. அவற்றை எல்லனுக்கு அனுப்பச் சொல்கிறான். தன் பெயர்ச் சீட்டை மட்டும் வைக்கவில்லை. பெயர்ச் சீட்டு இல்லாத அந்த மஞ்சள் பூவில்தான் அவனுடைய அழிவு ஆரம்பமாகிறது.

பிறகு கலியாணம் நடக்கிறது. மேயின் கணவனான பிறகு, ரயிலிலிருந்து இறங்கும் எல்லனை அழைத்து வர அவன் போகிறான். கோச்சு வண்டியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். அவள் கையில் இறுக்கமான கையுறை. அவன் அதன் பொத்தான்களைக் கழற்றி, தெரிகிற சிறு தோல் பரப்பில், மணிக்கட்டில், உதடு பதிக்கிறான். மூன்று விரற்கடை அகலம் இருக்குமா அந்த இடம்? இதைவிடத் துணிச்சலான காதல் காட்சிகளை எண்ணிச் சொல்லிவிடலாம். இன்னொரு சங்கதியும் உண்டு. கவனிக்காதவர்களுக்காகச் சொல்லி வைக்கலாம். அவர்கள் போகிற அந்த வண்டி மேயின் வண்டி.

ஹாலிவுட்டில் ஒரு காலத்தில் ஒழுக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாக இருந்தன. 1934 முதல் 1968 வரை அவற்றின் ராஜ்யம்தான். முத்தத்துக்கும் அளவு பார்த்த காலம். அப்போது டைரக்டர்கள் வேறு வழியில்லாமல் சாடை காட்டினார்கள். ஆனால் ஸ்கார்ஸேசி படம் எடுத்தபோது அந்த விதிகள் செத்துக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அவர் எதை வேண்டுமானாலும் காட்டியிருக்கலாம். கையுறைப் பொத்தானோடு நிறுத்திக்கொண்டது தணிக்கைக்குப் பயந்து அல்ல. அந்த ஆர்ச்சரால் அதற்கு மேல் போக முடியாது என்பதால்.

சரி, மே? வெள்ளை உடை, வெள்ளைப் பூ, கள்ளமற்ற முகம். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று கணவன் நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம். ஆனால் படம் நமக்கு ஒரு குறிப்புக் கொடுத்துவிட்டது. நியூபோர்ட்டில் நடக்கும் வில்வித்தைப் பந்தயத்தில் மே கலந்துகொண்டு, பதறாமல் அம்பு விட்டுப் பரிசு வாங்கினாளே! எல்லனிடம் போய்த் தான் கர்ப்பமாக இருப்பதாக அவள் சொல்கிறாள். எல்லன் ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிடுகிறாள். அதைச் சொன்னபோது மேக்கே அது நிச்சயமாகத் தெரியாது. இரண்டு வாரம் கழித்துத்தான் உறுதியாயிற்று. அம்பு குறி தவறவில்லை. இந்த மேயைப் பொல்லாதவள் என்று சொல்ல மனம் வருகிறதா? தன் வீட்டைக் காத்துக்கொள்ள அவளுக்கும் அந்தக் காலம் வேறு ஆயுதம் எதையும் கொடுக்கவில்லை.

கடலோரத்தில் ஒரு காட்சி. எல்லன் படகுத் துறையில் முதுகு காட்டி நிற்கிறாள். தூரத்தில் நிற்கும் ஆர்ச்சர் மனத்துக்குள் ஒரு பந்தயம் கட்டுகிறான். அந்தப் பாய்க்கப்பல் கலங்கரை விளக்கத்தைத் தாண்டுவதற்குள் அவள் திரும்பினால் அவளிடம் போவது. இல்லையேல் வந்த வழியே திரும்புவது. கப்பல் தாண்டுகிறது. அவள் திரும்பவில்லை. அவன் வந்தது அவளுக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் திரும்பவில்லை என்பது பின்னால்தான் அவனுக்குத் தெரியவருகிறது.

ஒரு கை, ஒரு குளம்

ஜேன் ஆஸ்டினின் இங்கிலாந்தில் இன்னும் கட்டுப்பாடு. நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வதே முறைகேடு. 1813-இல் வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் டார்ஸி தன் கடிதத்தை எலிஸபெத்தின் கையில் நேரே கொடுத்துவிட்டு விலகிப் போய்விடுவது அதனால்தான். 2005-இல் ஜோ ரைட் எடுத்த படத்தில், எலிஸபெத் வண்டியில் ஏறும்போது டார்ஸி கை கொடுக்கிறான். உறையில்லாத கையும் உறையில்லாத கையும். ஒரு விநாடிதான். அவன் திரும்பி நடக்கிறான். காமிரா அவனுடைய கையை மட்டும் காட்டுகிறது. விரல்கள் விறைத்து விரிகின்றன, நெருப்பைத் தொட்டுவிட்டவன் போல. நாவலில் இது இல்லை. ஆனால் ஆஸ்டின் பார்த்திருந்தால் ஆட்சேபித்திருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது.

பத்து வருஷத்துக்கு முன், 1995-இல், பி.பி.சி. தயாரித்த தொடரில் இதே டார்ஸி சட்டையோடு குளத்தில் குதித்து, நனைந்த சட்டையோடு எலிஸபெத் எதிரே வந்து நிற்பான். அதுவும் நாவலில் இல்லை. இங்கிலாந்தே அந்தச் சட்டையைப் பற்றிப் பேசியது. பேசட்டும். குளத்தில் குதிப்பதற்குத் தைரியம் போதும். அந்த ஐந்து விரலை விரிப்பதற்கு ஒரு மனிதன் உள்ளுக்குள் இடிந்திருக்க வேண்டும்.

ஹாங்காங்குக்கும் ஒரு நடை போய் வரலாம். வோங் கார்-வாய் 2000-இல் எடுத்த 'இன் தி மூட் ஃபார் லவ்' 1962-இல் நடக்கிற கதை. பக்கத்து அறைகளில் இரண்டு குடித்தனங்கள். இந்தக் குடித்தனத்துக் கணவனும் அந்தக் குடித்தனத்து மனைவியும் ஓட்டலில் சந்தித்துப் பேசுகிறார்கள். "உங்கள் கைப்பை எங்கே வாங்கியது?" என்று அவன் விசாரிக்கிறான். "உங்கள் டை எங்கே வாங்கியது?" என்று அவள் விசாரிக்கிறாள். அதே மாதிரிக் கைப்பை அவன் மனைவியிடம் இருக்கிறது. அதே மாதிரி டை அவள் கணவனிடம் இருக்கிறது. பேச்சு அங்கே நின்றுவிடுகிறது. துரோகம் செய்த இருவரின் முகத்தையும் படம் கடைசிவரை காட்டவே இல்லை. கைப்பையும் டையுமே போதுமென்று விட்டுவிட்டார்கள்.

துரோகத்துக்கு ஆளான இந்த இருவருக்கும் இடையே பிறகு வளருகிற ஆசையைச் சொல்வது ஒரு தூக்குவாளி. வீட்டில் சமைத்துச் சாப்பிட ஆள் இல்லாத அவள், இரவில் வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி நூடுல்ஸ் வாங்கப் போகிறாள். குறுகலான அந்தப் படியில் அவன் எதிரே வருகிறான். ஒதுங்கி வழி விடுகிறார்கள். அவள் உடுத்துவது கழுத்து உயர்ந்த, உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சியோங்ஸாம் என்ற சீன உடை. படம் நெடுக இருபதுக்கும் மேற்பட்ட உடைகள் மாறுகின்றன. கழுத்துப்பட்டை மட்டும் தளர்வதே இல்லை. தனியாக நூடுல்ஸ் வாங்கப் போகிறவள் இவ்வளவு அலங்காரத்தோடு போவானேன் என்பதில்தான் அவளுடைய துக்கம் முழுவதும் இருக்கிறது.

இப்போதைய சரித்திரத் தொடர்களில் இந்தச் சிக்கனம் குறைந்துவிட்டது. எதிர்ப்பட்ட இடமெல்லாம் ரோஜா. மூச்சுக்கு மூச்சு மெழுகுவத்தி. எல்லாமே குறியீடானால் எதுவுமே குறியீடாகாது என்பது அவற்றை எடுக்கிறவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஆனாலும் குப்பையில் மணியும் கிடைக்கும். 'பிரிட்ஜர்டன்' தொடரின் இரண்டாம் பகுதி 2022-இல் வந்தது. கதாநாயகி கேட், இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த பெண். நடித்த சிமோன் ஆஷ்லி தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். (தொடரில் தகப்பனை 'அப்பா' என்றும் தமக்கையை வடக்கத்தி முறையில் 'தீதி' என்றும் ஒரே குடும்பம் அழைக்கிறது. எந்த ஊர்க் குடும்பமோ!) கதாநாயகனின் தகப்பனார் தேனீ கொட்டி இறந்தவர். தோட்டத்தில் கேட்டைத் தேனீ கொட்டுகிறது. அவளுக்கு ஒன்றுமில்லை, அவன் மூச்சுத் திணறுகிறான். அவனை ஆசுவாசப்படுத்த, அவன் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்து, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அவள் காட்டவேண்டியிருக்கிறது. ஆசையும் மரண பயமும் ஒரே பூச்சியில் வந்து சேர்ந்த அந்தக் காட்சி, மற்ற நூறு மெழுகுவத்திகளுக்கும் ஈடு.

நீட்டிய கை

மறுபடி கல்கத்தா வீட்டுக்கு வரலாம். சாருவின் சகோதரன் பத்திரிகைப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு மறைந்துவிடுகிறான். பத்திரிகை படுத்துவிடுகிறது. உடைந்துபோன பூபதி, இனி யாரை நம்புவது என்று அமலிடம்தான் புலம்புகிறான். அமலுக்குச் சுரீரென்கிறது. தானும் அதே வீட்டில் இன்னொரு திருட்டின் வாசலில் நிற்பதை உணர்ந்து, இரவோடு இரவாக ஒரு கடிதத்தை மட்டும் வைத்துவிட்டு வெளியேறுகிறான்.

கணவனும் மனைவியும் கடற்கரைக்குப் போகிறார்கள். அங்கே மணலில் உட்கார்ந்து, மறுபடியும் ஒரு பத்திரிகை தொடங்கலாம், அதில் வங்காளிப் பகுதியைச் சாரு பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டம் போடுகிறார்கள். கூடு மறுபடி கட்டப்படும் போலிருக்கிறது. வீடு திரும்பினால் அமலிடமிருந்து கடிதம். பூபதி வெளியே போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டு சாரு அதன் முன் விழுந்து கதறுகிறாள். காற்று ஜன்னலை அடித்துத் திறக்கிறது. போன பூபதி ஏதோ காரணமாகத் திரும்பி வந்து வாசற்படியில் நிற்கிறான்.

அவன் கத்தவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. வண்டியில் ஏறி இருட்டில் எங்கெங்கோ சுற்றுகிறான். கண்ணில் நீர் வருகிறது. துடைத்துக்கொள்ளச் சட்டைப் பையில் கை விடுகிறான். கையில் வருவது அந்தக் கைக்குட்டை. ஊசி மேலே வந்து கீழே போய், அவளுக்குப் பொழுது போகாத பிற்பகலில், அவன் பெயரின் முதல் எழுத்தைத் தைத்த கைக்குட்டை. அது முதல் காட்சியிலேயே அவனிடம் ஏதோ சொல்ல முயன்றது. அவன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இப்போது அதைக் கண்ணிலேயே ஒற்றிக்கொள்கிறான்.

தாகூரின் கதை முடிவது வேறு விதம். அங்கே பூபதி ஒரு பத்திரிகையில் வேலை ஏற்று மைசூருக்குப் புறப்படுகிறான். என்னையும் அழைத்துப் போ என்று சாரு கேட்கிறாள். அவன் தயங்கிவிடுகிறான். பிறகு மனம் மாறி, சரி வா என்கிறான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒரே வார்த்தையில் அவள் மறுத்துவிடுகிறாள். வங்காளத்துத் தாம்பத்தியம் ஒன்று அந்த ஒற்றைச் சொல்லில் உடைந்து விழுகிறது.

எழுத்தில் அது போதும். திரையில் ரே வேறு வழி கண்டார். பூபதி வீட்டுக்குத் திரும்பி வருகிறான். சாரு கதவைத் திறக்கிறாள். உள்ளே வரும்படி அழைத்துக் கையை நீட்டுகிறாள். அவன் தயங்கித் தயங்கித் தன் கையை நீட்டுகிறான். இரண்டு கைகளும் நெருங்குகின்றன. நடுவே இன்னும் கொஞ்சம் இடைவெளி இருக்கும்போதே படம் உறைந்து நின்றுவிடுகிறது. அப்புறம் அசையாத சில படங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவள் முகம். அவன் முகம். வேலைக்காரன் ஏந்திய விளக்கு. கடைசியில் நீண்ட அந்தத் தாழ்வாரமும், தொலைவில் கைகளை நீட்டியபடி நிற்கும் இருவரும்.